விலைச் செய்தியோடு நலச் செய்தியும்



சோளக்காடு சந்தையில் வாழைத்தாரும் பலாவும் அன்னாசியும் மிளகு மூட்டையும் ஏற்றி இறக்கும் தொழிலாளர் இல்லாமல் நமக்கு ஒரு நாள் வியாபாரமும் இல்லை. அவர்களில் சிலருடைய கூலி வீடு போய்ச் சேருமுன்பே கரைந்துவிடுவதை நாம் காண்கிறோம். குடியால் முதலை இழந்து, கடனுக்கு அஞ்சிக் கடையை மூடிய நம்மவரும் உண்டு. "குடிகாரன்" என்று ஒதுக்குவது எளிது. குடியும் மனச்சோர்வும் பலரிடம் சேர்ந்தே வரும் நோய்கள் என்பதை மறந்துவிடலாகாது.

சிகிச்சை முடிந்து மலையேறி வந்த பிறகுதான் உண்மையான சோதனை. காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். மருத்துவர் கீழே, பழைய கூட்டாளிகள் பக்கத்தில். ஆலோசனைக்கு அடிக்கடி இறங்கினால் அன்றைய கூலி போகும். இந்த இடைவெளியைச் செல்போன் செய்தி ஓரளவு நிரப்பும் என்பதே நம் கருத்து.

இது வெறும் ஆசையன்று. குடிநோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 54 பேரிடம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் சோதித்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மூன்று மாதம் தினமும் இரு முறை ஆறுதல் செய்தி அனுப்பப்பட்டது. அவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தது. குடிக்காதிருந்த நாட்களில் மட்டும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆக, செய்தி ஒரு ஊன்றுகோல், மருந்து அன்று.

தினமும் விலை நிலவரம் அனுப்பும் நமக்கு இன்னும் இரண்டு வரி பாரமா? "அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் தாண்டுங்க. சாயங்காலம் கடைக்கு வாங்க, டீ குடிப்போம்" என்றால் போதும். படிக்கத் தெரியாதவருக்குக் குரலில் பேசி அனுப்பலாம். ஆனால் அவர் சம்மதம் வேண்டும். குரூப்பில் போட்டு மானத்தை வாங்கக் கூடாது. கடன் பாக்கியை அதே செய்தியில் நினைவூட்டவும் கூடாது.

நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மனம் உடைந்து பேசுபவருக்குச் செய்தி போதாது. நேரில் சென்று உடனிருக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம்.

கடைசியாக, கசப்பான ஒன்று. லோடு சீக்கிரம் ஏற வேண்டுமென்று குவார்ட்டருக்குக் காசு கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஒரு கையில் பாட்டில், மறு கையில் ஆறுதல் செய்தி என்பது பொருந்துமா? அந்தக் காசைக் கூலியோடு சேர்த்து வீட்டாரிடமே கொடுப்போம். நம் சங்கம் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும்.

தராசில் நேர்மை காக்கும் நாம், நம் மூட்டையைத் தூக்கியவரின் பாரத்திலும் சிறிது தாங்குவோம்.