ஆளைப் பூட்ட வேண்டாம், அலமாரியைப் பூட்டுங்கள்!

ஒரு மிட்டாய்க் கடை. அங்கே ஒரு சரக்கு மாஸ்டர். பத்து ஆண்டுகள் வேலை பார்த்தார். ஒரு நாள் கணக்கை முடித்துக்கொண்டு விலகினார். அடுத்த மாதம் எதிர் வரிசையில் சொந்தக் கடை போட்டார். அதே அல்வா. அதே மைசூர்பாகு. அதே வாடிக்கைக்காரர்கள்!

பழைய முதலாளி கொதிக்கிறார். “உப்பிட்ட வீட்டை மறந்துவிட்டான். என் தொழில் ரகசியத்தைக் கொண்டுபோய்விட்டான்” என்கிறார்.

மாஸ்டர் என்ன சொல்கிறார்? “இது என் கைப்பக்குவம். கையைக் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்?” என்று கேட்கிறார்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மிட்டாய்க் கடையில் நடக்கும் இதே சண்டைதான் பெரிய மில்லிலும் நடக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனியிலும் நடக்கிறது. எது முதலாளியின் சொத்து? எது தொழிலாளியின் சொத்து? இந்தக் கோடு தெரியாததால்தான் இவ்வளவு வம்பும்.

தலைக்குள் போன மில்

இங்கிலாந்தில் பெல்பர் என்று ஓர் ஊர். அங்கே 1768-ம் ஆண்டு பிறந்தவர் சாமுவேல் ஸ்லேட்டர். சிறு வயதிலேயே பஞ்சு மில்லில் தொழில் பழகச் சேர்ந்தார். ஆர்க்ரைட் என்பவரின் நூற்பு யந்திரம் அப்போது புதிது. ஆற்று நீரின் வேகத்தில் ஓடும். அதை வைத்து இங்கிலாந்து பணம் குவித்தது.

அந்த வித்தை வெளியே போய்விடக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. யந்திரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மில் தொழில் தெரிந்த ஆளே கப்பல் ஏறி வெளிநாட்டில் குடியேறக் கூடாது!

ஸ்லேட்டர் 1789-ல் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 21. பண்ணையாள் என்று சொல்லிக்கொண்டார். பெட்டியில் யந்திரப் படம் ஒன்றும் இல்லை. எல்லாம் தலைக்குள் இருந்தது. தலையை எந்த அதிகாரி சோதனை போட முடியும்?

அமெரிக்காவில் மோசஸ் பிரவுன் என்ற வியாபாரி பணம் போட்டார். பாடக்கெட் என்ற ஊரில், நினைவை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்லேட்டர் யந்திரங்களை அமைத்தார். 1790-ல் யந்திரம் நூல் நூற்றது. 1793-ல் கட்டிய மில் கட்டடம் இன்னும் அங்கே இருக்கிறது.

அமெரிக்கா அவரைத் தொழில் தந்தை என்று கொண்டாடியது. பிறந்த ஊரிலோ “துரோகி ஸ்லேட்டர்” என்று பெயர்! ஆள் ஒருவர்தான்.

ஆட்களை ஊருக்குள் அடைத்து வைக்கும் அந்தச் சட்டத்தை இங்கிலாந்தே 1824-ல் நீக்கிவிட்டது. அதற்குள் அமெரிக்காவில் மில்கள் பெருகிவிட்டன.

14 ஆயிரம் கோப்புகள்

இன்னொரு கதை, நம் காலத்தில் நடந்தது. டிரைவர் இல்லாமல் தானே ஓடும் காரைச் செய்ய, கூகுள் கம்பெனியில் வேலை நடந்தது. அதில் ஒரு தலைமை எஞ்சினீயர் ஆன்டனி லெவான்டோவ்ஸ்கி. 2016 ஜனவரியில் விலகித் தனிக் கம்பெனி தொடங்கினார். அதை ஊபர் கம்பெனி அதே ஆண்டு வாங்கிக்கொண்டது.

விலகுவதற்கு முன்பு அவர் ஒரு வேலை செய்திருந்தார். கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து சுமார் 14 ஆயிரம் கோப்புகளை இறக்கிக்கொண்டார் என்று 2017-ல் வழக்கு வந்தது. கூகுள் காருக்காக அமைந்த வேமோ என்ற கம்பெனி தொடுத்த வழக்கு அது. 2018-ல் சமரசம் ஆயிற்று. ஊபர் தன் பங்குகளைக் கொடுத்தது. அவற்றின் மதிப்பு சுமார் 24 கோடியே 50 லட்சம் டாலர்! எஞ்சினீயர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2020-ல் 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அதிபர் டிரம்ப் மன்னித்துவிட்டார். அது வேறு கதை.

ஸ்லேட்டர் தலையில் கொண்டுபோனார். இவர் கோப்புகளாகக் கொண்டுபோனார். உழைத்துப் பழகிய திறமை ஆளோடு போகும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. கோப்பு, படம், அளவுக் குறிப்பு, வாடிக்கைக்காரர் பட்டியல் ஆகியவை கம்பெனியின் சொத்து. அவற்றைத் தூக்கிக்கொண்டு போவது குற்றம்தான். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

சிவகாசியை நினைத்துப் பாருங்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். “கற்றவன் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது” என்று அன்று ஒரு தடை இருந்திருந்தால், சிவகாசியில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்?

சட்டம் சொல்வது என்ன?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. அதன் 27-வது பிரிவு, ஒருவன் நியாயமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. கடையை நற்பெயரோடு விற்றவர், பக்கத்திலேயே அதே கடை போடக் கூடாது என்று கட்டுப்படலாம். அது விதிவிலக்கு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணமும் இதே விதியை அதே 1872-ல் எழுதி வைத்தது. உலகத்தின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் பல அங்கேதான் வளர்ந்தன. ஆட்கள் மாறியதால் அந்த ஊர் கெட்டுப்போகவில்லை!

ஆனால் வேலையில் இருக்கும் காலம் வேறு. பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாணில் ஒரு கம்பெனி, டயருக்குள் வைக்கும் நூலைச் செய்தது. அந்த வித்தையை வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து வாங்கியிருந்தது. ஒரு சூப்பர்வைசர் 5 ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றார். இரண்டு ஆண்டு ஆவதற்குள், கூடுதல் சம்பளத்துக்குப் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த 5 ஆண்டு முடியும் வரை அதே வேலையைப் போட்டிக் கம்பெனியில் செய்யக் கூடாது என்று விதித்த தடை சரிதான் என 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கட்டிப் போடலாமா? கூடாது என்று கிரிக்கெட் வீரர் ஜாகிர் கான் வழக்கில் 2006-ல் சொன்னது.

இது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் பயந்துகொண்டிருக்கிறார்கள். முதல் வேலை. முன்னால் ஒரு கட்டுக் காகிதம். படிக்க நேரம் கொடுப்பதில்லை. “விலகினால் இரண்டு ஆண்டுக்கு இதே தொழிலில் வேறு எங்கும் சேர மாட்டேன்” என்று அதில் ஒரு வரி. அந்த வரிக்குப் பயந்து, குறைந்த சம்பளத்திலேயே கிடக்கிறார்கள். அப்படிப்பட்ட வரி பெரும்பாலும் கோர்ட்டில் நிற்காது. ஆனால் ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது நிற்கும். வேலையை விட்ட பிறகும் நிற்கும். கையெழுத்துப் போடும் முன் வீட்டில் பெரியவர் ஒருவர் அதை நிதானமாகப் படித்துப் பார்க்கட்டும்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ரகசியம் என்றால் அதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். உலக வர்த்தக ஒப்பந்தமே அப்படித்தான் சொல்கிறது: காக்க முயற்சி எடுத்தாயா என்று முதலில் கேட்கும். மசாலா அளவைச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டு, ஆள் போன பிறகு கோர்ட்டுக்கு ஓடினால் யார் கேட்பார்கள்? அளவு நோட்டை அலமாரியில் பூட்டலாம். எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. விலகும் ஆளிடம் நோட்டையும் சாவியையும் கேட்டு வாங்கலாம். சம்பளத்தைக் காலத்தில் உயர்த்தலாம். இந்தக் கடைசி யோசனை பலருக்குக் கசக்கும்!

தொழில் ரகசியத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று மத்தியச் சட்டக் கமிஷன் 2024 மார்ச்சில் சிபாரிசு செய்தது. நல்லதுதான். ஐரோப்பிய நாடுகள் 2016-ல் இப்படி ஒரு விதி செய்தபோது, தொழிலாளி நேர்மையாகப் பெற்ற அனுபவத்துக்கும் திறமைக்கும் தடை கூடாது என்று வெளிப்படையாக எழுதின. பார்லிமெண்ட் இந்தச் சட்டத்தைச் செய்யும்போது அந்த வாக்கியம் விட்டுப்போகக் கூடாது. சரக்கு மாஸ்டருக்கும் புரியும் தமிழில் அது அச்சாகி, வேலைக்குச் சேரும் நாளிலேயே அவர் கைக்கு வர வேண்டும்.