தழும்பின் மேல் பச்சை!

மார்பில் புற்றுநோய். உயிரைக் காப்பாற்றுவதற்காக மார்பையே அறுத்து எடுக்கிறார்கள். புண் ஆறுகிறது. "இனி பயம் இல்லை, வீட்டுக்குப் போகலாம்" என்கிறார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு துன்பம் தொடங்குகிறது. குளித்தால் தழும்பு. உடை மாற்றினால் தழும்பு. கண்ணாடியைப் பார்க்கவே பிடிப்பதில்லை.

அமெரிக்காவில் டீனா மெட்ஸ்கர் என்று ஒரு பெண் எழுத்தாளர். 1977-ல் அவருக்கு இந்த நோய் வந்தது. ஒரு மார்பை எடுத்து விட்டார்கள். அந்தத் தழும்பை அவர் மறைக்கவில்லை. அதன் மேல் இலைகளோடு ஒரு மரக்கிளையைப் பச்சை குத்திக் கொண்டார். இரண்டு கைகளையும் விரித்து நின்று புகைப்படமும் எடுத்துக் கொண்டார்! அந்தப் படம் சுவரொட்டியாக அச்சாகிப் பரவியது.

நம் பாட்டிமார் கையில் குத்திக் கொண்டார்களே, அதே பச்சைதான். ஆனால் இப்போது அதில் ஒரு வித்தை சேர்ந்திருக்கிறது.

வயிற்றுச் சதையை எடுத்தோ, சிலிக்கான் பை வைத்தோ டாக்டர்கள் புதிய மார்பு அமைப்பது உண்டு. பெரும்பாலும் அதில் காம்பு இருக்காது. மேரிலாந்து மாநிலத்தில் வின்னி மயர்ஸ் என்பவர் அதைப் பச்சையால் வரைகிறார். வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று பார்த்து, நிறம் சேர்த்துக் குத்துகிறார். தொட்டால் தட்டை, பார்த்தால் மேடு! ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் போயிருக்கிறார்கள்.

ஒரு சமயம் அவருக்கே இந்த வேலை போதும் என்று தோன்றியது. பழையபடி பூவும் படமும் குத்தப் போகலாம் என்று நினைத்தார். அந்த நேரத்தில், அவருடைய சகோதரிக்கே மார்பில் புற்றுநோய் என்று செய்தி வந்தது. மயர்ஸ் வேலையை விடவில்லை.

2013-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், 10 கலைஞர்கள் ஒரே நாளில் 10 பெண்களுக்குத் தழும்பின் மேல் பச்சை குத்தினார்கள். அந்தப் பெண்களிடம் காசு வாங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பச்சை நோயைத் தீர்க்காது. அது மருந்து அல்ல. புண் நன்றாக ஆறப் பல மாதம் காத்திருக்க வேண்டும். ஊசி சுத்தமாக இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும். கதிர் சிகிச்சை பெற்ற தோலுக்கு இன்னும் அதிகக் கவனம் தேவை. டாக்டரைக் கேட்காமல் ஊசியைத் தொட விடக் கூடாது.

"இந்த வயதில் இது எதற்கு? யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவள் பார்க்கிறாளே! தினமும் பார்க்கிறாளே!

தழும்பு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லும் பெண்ணும் உண்டு. அது அவள் இஷ்டம். புருஷனோ, மாமியாரோ முடிவு செய்கிற காரியம் அல்ல இது. ஆனால், இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர்கள் அவளிடம் சொல்லி விட வேண்டும்.