வண்டி வந்துவிட்டது, பாதை எங்கே?

சென்னை மயிலாப்பூர் லஸ் முனையில் மாலை நெரிசலில் நின்றவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். 108 வண்டியின் சைரன் கேட்டதும் மாநகரப் பேருந்து ஒதுங்குகிறது, ஆட்டோ ஒதுங்குகிறது, சொகுசுக் கார்கூட ஓரம் கட்டுகிறது. உள்ளே படுத்திருப்பவர் யார், எந்தத் தெருக்காரர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதே சாலையில் பூமாலை சுற்றிய அமரர் ஊர்தி ஒன்று கைலாசபுரம் மயானத்துக்குப் போகிறது. தி.நகர்க்காரர்களுக்குக் கண்ணம்மாபேட்டை, அடையாறுக்காரர்களுக்குப் பெசன்ட் நகர். மாநகராட்சி மயானங்களில் சாதி கேட்டு வாசலை அடைப்பதில்லை.

அதே போன்ற ஊர்தி நம் ஊருக்கு வரும்போது என்ன நடக்கிறது? மாவட்ட மருத்துவமனையிலிருந்து அறுபது கிலோமீட்டர் தடையில்லாமல் ஓடிவருகிறது. காலனி முகப்பில் உடலை இறக்குகிறது. அங்கிருந்து மயானம் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நேர்வழி ஊர்த்தெரு வழியாகப் போகிறது. மாற்றுவழி என்று காட்டப்படுவது வயல் வரப்பு, வாய்க்கால், ஆற்று மணல். அறுபது கிலோமீட்டர் கிடைத்த மரியாதை கடைசி ஒரு கிலோமீட்டரில் நின்றுபோகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பற்றியது.

ஒரே வண்டி, நான்கு வேலை

ஆம்புலன்ஸ், அமரர் ஊர்தி, போலீஸ் வண்டி, மந்திரி கார் நான்கும் வெவ்வேறாகத் தோன்றலாம். அடிச்சட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். 2014 வரை தயாரான அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். தலையில் சிவப்பு விளக்கு வைத்தால் மந்திரி கார், பக்கவாட்டில் எழுத்து எழுதினால் போலீஸ் கார், வாடகைக்கு விட்டால் கல்யாணக் கார். இன்றைய டெம்போ டிராவலர் வேனும் அப்படியே. நோயாளியைக் கிடத்தினால் ஆம்புலன்ஸ், கண்ணாடிப் பெட்டி வைத்தால் அமரர் ஊர்தி.

அமெரிக்காவில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. காடிலாக் நிறுவனம் தந்த நீண்ட அடிச்சட்டத்தின் மீதே சவ ஊர்தி, ஆம்புலன்ஸ், லிமோசின் மூன்றையும் கட்டினார்கள். காலையில் ஆம்புலன்ஸாகவும் மாலையில் சவ ஊர்தியாகவும் மாற்றிக்கொள்ளும் வண்டிகளும் விற்பனைக்கு இருந்தன. 1960களில் அந்நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியை ஈமச்சடங்கு நிறுவனங்களே நடத்தின. பிட்ஸ்பர்க் போன்ற நகரங்களில் அந்த வேலையைப் போலீஸ் வேன் செய்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், மாரடைப்பு வந்தவரும் கைதியைத் தூக்கிப் போடும் அதே வேனில்தான் போக வேண்டும். வேனில் மருத்துவம் தெரிந்தவர் யாரும் கிடையாது.

1967இல் அந்தப் பகுதி இளைஞர்களைக் கொண்டு 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. டாக்டர் பீட்டர் சஃபார் அவர்களுக்கு உயிர்காக்கும் பயிற்சி கொடுத்தார். வேலை கிடைக்காதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், வண்டிக்குள்ளேயே சிகிச்சை தரும் ஊழியர்களாக நாட்டுக்கே முன்மாதிரி ஆனார்கள். 1975இல் நகராட்சி அந்தச் சேவையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு அந்தக் கறுப்பின ஊழியர்கள் பலர் வேலையிலிருந்து ஓரங்கட்டப்பட்டார்கள். வண்டி ஒன்றாக இருந்தாலும் அது யாருக்கு எப்படி வரும் என்பதைச் சமூகமே தீர்மானிக்கிறது என்பதற்கு இது கண்ணெதிரே உள்ள சாட்சி.

சென்னையில் மூன்று நினைவிடங்கள்

நமக்கும் இந்த வரலாறு உண்டு. அதைத் தேடித் தொலைவு போக வேண்டாம். சென்னைக்குப் போகும் மாணவர்கள் தென்சென்னையில் மூன்று இடங்களைப் பார்த்து வரலாம்.

முதலாவது, தி.நகர் பாண்டி பஜார். துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் பெயர்பெற்ற அந்தத் தெரு சௌந்தரபாண்டியனார் அங்காடி எனப்படுகிறது. நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் முன்னின்ற டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகள் ஓடிய காலம் அது. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த அவர், அப்படி மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். முதலாளிகள் வழிக்கு வந்தார்கள். மனம் மாறும் வரை அவர் காத்திருக்கவில்லை, உரிமத்தில் கைவைத்தார்.

இரண்டாவது, கிண்டி காந்தி மண்டப வளாகம். அடையாற்றிலிருந்து சர்தார் படேல் சாலையில் வந்தால் அங்கே இரட்டைமலை சீனிவாசன் நினைவிடம் இருக்கிறது. பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடங்கள் எல்லாவற்றையும் தாழ்த்தப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் 1924இல் கொண்டுவந்தவர் அவர். நூறு ஆண்டு கடந்துவிட்டது. அந்தத் தீர்மானத்தின் முதல் சொல்லே இன்னும் பல ஊர்களில் நிறைவேறவில்லை.

மூன்றாவது, மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள அம்பேத்கர் மணிமண்டபம். அம்பேத்கர் வாழ்வில் வண்டி இரண்டு முறை வலியோடு வருகிறது. 1901இல் சிறுவனாகத் தந்தையைப் பார்க்கப் போனபோது, மசூர் ரயில் நிலையத்தில் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இருமடங்கு கூலி கொடுத்து, வண்டியைச் சிறுவர்களே ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1929இல் அவர் படித்துப் பட்டம் பெற்று, பெயர்பெற்ற வழக்கறிஞரான பிறகு, சாலிஸ்கானில் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்டுவது தங்களுக்கு இழுக்கு என்றார்கள். வண்டியோட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்ட, பாலத்தில் தூக்கி எறியப்பட்டு அவருடைய கால் முறிந்தது. படிப்பு அவரை எங்கெங்கோ கொண்டுபோனது. அந்தப் பாலத்தைக் கடக்க அது போதவில்லை.

ஆற்றுப்பாலத்தில் கட்டிய கயிறு

இதெல்லாம் பழைய கதை என்று யாரும் சொல்ல முடியாதபடி நம் காலத்திலும் நடந்திருக்கிறது.

2016 ஜனவரி. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம், மயிலாடுதுறை அருகே வழுவூர் திருநாள்கொண்டச்சேரி. நூறு வயது தலித் முதியவர் ஒருவர் இறந்துபோனார். பொதுப்பாதை வழியாக உடலைக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. ஊர்த்தெருவில் எதிர்ப்பு. பாதுகாப்புக்கு வந்த காவல்துறை கடைசியில் உடலைத் தானே எடுத்துச்சென்று, மாற்றுவழியில் கொண்டுபோய்ப் புதைத்தது. உத்தரவை நடைமுறைப்படுத்த வந்தவர்களே அந்த உத்தரவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். போலீஸ் வண்டி யாருக்கு வழி விலக்கித் தருகிறது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில் அது.

2016 ஆகஸ்ட், ஒடிசாவின் காளஹண்டி. மருத்துவமனையில் இறந்த மனைவியின் உடலைக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல், பழங்குடிக் கணவர் ஒருவர் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். மகள் அழுதுகொண்டே கூட நடந்தாள். அங்கே வண்டியே வரவில்லை.

2019 ஆகஸ்ட் 17. வாணியம்பாடி அருகே நாராயணபுரம். விபத்தில் இறந்த காலனிக்காரரின் உடலைப் பாலாற்றங்கரைக்குக் கொண்டுபோக வழியில்லை. பாதை சென்ற நிலத்தை வேலி போட்டு அடைத்திருந்தார்கள். பாடையைக் கயிறு கட்டிப் பாலத்தின் மேலிருந்து கீழே இறக்கினார்கள் உறவினர்கள். அந்தக் காணொளி நாடு முழுவதும் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. காலனி மக்களுக்குத் தனி மயானம் ஒதுக்குவது பிரிவினையை அரசே ஊக்குவிப்பது போல் இருக்கிறதே என்று நீதிபதிகள் கேட்டார்கள். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எல்லோரும் வருகிறார்கள், மயானம் மட்டும் ஏன் தனி என்பது அந்தக் கேள்வியின் சாரம்.

ஒரு நாள் சென்னைக்கும் நடந்தது

2020 ஏப்ரல் 19 இரவு. கொரோனாவால் இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலோடு சென்ற ஆம்புலன்ஸைச் சென்னை வேலங்காடு மயானத்தில் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. வண்டி ஊழியர்கள் இரத்தக் காயத்தோடு தப்பினார்கள். பிறகு சக மருத்துவர் ஒருவர் தாமே வண்டியை ஓட்டிவந்து, தம் கையால் மண் அள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். நகரமே வெட்கப்பட்டது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 26 அன்று, அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது.

அந்தச் சட்டம் சரியானது. அந்த மருத்துவருக்கு நேர்ந்தது கொடுமை. நோய்க்குப் பயந்து ஓரிரவு செய்த அக்கிரமத்துக்கு ஒரு வாரத்தில் பதில் கிடைத்தது. நோயே இல்லாமல், தலைமுறை தலைமுறையாக, எல்லா நாளும் நடக்கும் அதே மறிப்புக்கு அந்த வேகம் ஏன் வரவில்லை என்பதுதான் நம் கேள்வி.

சட்டம் வண்டியைப் பற்றியே பேசுகிறது

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுச்சாலையைப் பயன்படுத்தச் சாதியின் பெயரால் தடைவிதிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15(2) சொல்கிறது. தீண்டாமையை 17ஆவது பிரிவு ஒழித்திருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1)(இசட்ஏ) உட்பிரிவைப் பட்டியல் சாதி மாணவர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பொது மயானத்தை, சாலையை, பாதையை, பொதுப் போக்குவரத்து வண்டியைப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போவதைத் தடுப்பது குற்றம். திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பதும் குற்றம். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். பிறந்தவன் சைக்கிள் ஓட்டும் நாள் முதல் பாடையில் போகும் நாள் வரை அவனுக்கு நேரும் மறிப்புகளை ஒரே உட்பிரிவில் எழுதவேண்டி வந்ததே, அதுவே இந்த நாட்டின் நிலையைச் சொல்கிறது.

அரசு வண்டி தந்திருக்கிறது, மறுக்கவில்லை. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 சேவை சேரிக்கும் வருகிறது. அரசு மருத்துவமனையில் இறப்பவரின் உடலைக் கட்டணமின்றிக் கொண்டுசேர்க்க, செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் இலவச அமரர் ஊர்தி ஓடுகிறது (அழைப்பு எண் 155377). சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்றும் 2021இல் அரசு அறிவித்தது. சேர்ந்து வாழும் ஊருக்குப் பரிசு நல்லதுதான். ஆனால் பாதையை மறிக்கும் ஊருக்கு என்ன? சௌந்தரபாண்டியனார் பேருந்து முதலாளிகளுக்குப் பரிசு அறிவிக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

சாவு விழுந்த பிறகு பாதைக்காகப் போராடுவது கடினம். உடல் தெருவில் கிடக்கும்போது குடும்பம் எதற்கும் சம்மதித்துவிடும். அதனால் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.

வருவாய்த்துறைக் கணக்கில் 'வண்டிப்பாதை', 'மயானம்' என்ற புறம்போக்கு வகைகள் உண்டு. உங்கள் ஊர் மயானத்துக்கு வண்டிப்பாதை இருக்கிறதா, இருந்து மறைந்துபோனதா என்பதைக் கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் சொல்லும். தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தால் நகல் வாங்கலாம். பாதை ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால், 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றச் சொல்லி மனு கொடுக்கலாம். கிராமசபையில் பொது மயானம், பொதுப்பாதை என்ற தீர்மானத்தை எழுத்தில் கேளுங்கள். தனி மயானம் தருகிறோம் என்றால், உயர் நீதிமன்றம் கேட்ட கேள்வியை அங்கே எழுப்புங்கள்.

யாராவது பாதையை மறித்தால், புகாரில் 3(1)(இசட்ஏ) என்று எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. கடமை தவறும் அரசு ஊழியர் மீது நான்காவது பிரிவு பாயும். தேசிய உதவி எண் 14566.

சென்னையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அங்கே மயான வாசலில் சாதி கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதே மயானங்களில் குழி வெட்டுவதும் சாம்பல் அள்ளுவதும் பெரும்பாலும் எந்தச் சமூகத்தார் என்று ஒருமுறை நின்று பாருங்கள். நகரம் பாதையைத் திறந்திருக்கிறது, வேலையைப் பிரித்த கோட்டை இன்னும் அழிக்கவில்லை.

அடுத்த முறை ஊரில் அமரர் ஊர்தி காலனி முகப்பில் நின்றால், ஓட்டுநரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: மயானம் வரை போக என்ன தடை? அவர் சொல்லும் பதிலைத் தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். பாதைக்கான மனுவில் முதல் வரி அதுதான்.