36 மணி நேரப் பணி எப்படி உருவாகிறது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நள்ளிரவில் ஒரு நோயாளியை அழைத்துச் சென்றால், முதலில் வந்து பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு மாணவராகவே இருப்பார். எம்.பி.பி.எஸ். முடித்துப் பதிவு பெற்ற மருத்துவர்தான். ஆனால் எம்.டி. அல்லது எம்.எஸ். என்ற மூன்றாண்டு மேற்படிப்பில் இருப்பவர். மருத்துவமனைப் பேச்சில் அவர் 'பி.ஜி.' அவருக்குக் கீழே, நான்கரை ஆண்டுப் பாடத்தை முடித்துவிட்டு ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் இருக்கும் 'சி.ஆர்.ஆர்.ஐ.'கள், பழைய தலைமுறைக்கு இவர்கள் ஹவுஸ் சர்ஜன்கள். இவர்கள் தொடர்ந்து 30 மணி, 36 மணி நேரம் பணியில் இருப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. அது கொடுமையா, பயிற்சியின் தேவையா என்று வாதிடுவதற்கு முன், அந்த 36 மணி நேரம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். அப்படி ஒரு கணக்கை யாரும் உட்கார்ந்து எழுதி வைத்ததில்லை.

பொது மருத்துவம், அறுவை சிகிச்சை போன்ற பெரிய துறைகள் 'யூனிட்'களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு தலைமைப் பேராசிரியர் உண்டு, அவர் 'சீஃப்.' அவருக்கு அடுத்து உதவிப் பேராசிரியர்கள், பிறகு பி.ஜி.கள், சி.ஆர்.ஆர்.ஐ.கள். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு யூனிட்டின் 'அட்மிஷன் டே.' அன்று காலையிலிருந்து மறுநாள் காலை வரை அந்தத் துறையில் சேர்க்கப்படும் நோயாளிகள் எல்லோரும் அந்த யூனிட்டின் பொறுப்பு. பல இடங்களில் அந்த யூனிட்டின் புறநோயாளிப் பிரிவும் அதே நாளில்தான் நடக்கும்.

இப்போது நேரத்தைக் கூட்டிப் பார்க்கலாம். முதலாண்டு பி.ஜி. காலை ஏழு மணிக்கு வார்டுக்கு வந்து, ஏற்கெனவே படுத்திருப்பவர்களைப் பார்த்துக் குறிப்பெழுதுகிறார். பிறகு சீஃபின் ரவுண்ட்ஸ். பிறகு ஓ.பி. பிற்பகலிலிருந்து நோயாளிகள் வரிசையாகச் சேர்கிறார்கள்; இரவு முழுவதும் அது ஓய்வதில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு 24 மணி நேரம் நிறைவடைகிறது. அவர் அறைக்குப் போய்விடலாம்தான். ஆனால் இரவில் சேர்ந்த நோயாளிகளின் கதை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். யாருக்கு நெஞ்சுவலி எப்போது தொடங்கியது, யாருடைய ஸ்கேன் இன்னும் வரவில்லை, யாருக்கு ரத்தம் கேட்டு எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அவரிடமே இருக்கிறது. சீஃப் ரவுண்ட்ஸில் அவரைத்தான் கேட்பார். ரவுண்ட்ஸ் முடிந்ததும் சீஃப் சொன்னவற்றைச் செய்து முடிக்க வேண்டும். அறுவை சிகிச்சைத் துறையானால் தியேட்டரும் இருக்கலாம். மாலை ஏழு ஆகிவிடுகிறது. 24 மணி நேரத்தைக் கொண்டுவந்தது யூனிட் முறை. மீதி 12 மணி நேரத்தைக் கொண்டுவந்தது, செய்தியை இன்னொருவரிடம் ஒப்படைக்க ஏற்பாடில்லாத நிலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பின்னால் உதவும்.

இந்த அமைப்பின் வேர் பழையது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் வகுத்த பயிற்சி முறையில், பயிலும் மருத்துவர் மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்தார். நோயின் முதல் மணி நேரத்திலிருந்து அது தணியும் வரை பக்கத்திலிருந்து பார்த்தால்தான் மருத்துவம் கைவரும் என்பது அதன் அடிப்படை. அதில் உண்மை இருக்கிறது. மூச்சுத் திணறலோடு வந்தவர் மருந்துக்கு எப்படிப் பதில் தருகிறார் என்பதைப் புத்தகத்தைவிட அந்த முதல் சில மணி நேரங்கள் நன்றாகக் கற்றுத் தரும். ஆனால் காலப்போக்கில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கற்பவரே மருத்துவமனையின் முக்கியமான உழைப்பாளியும் ஆனார். அவருக்குக் கிடைப்பது சம்பளமல்ல, உதவித்தொகை. அவர் செய்யும் வேலையில் எது பாடம், எது வெறும் வேலை என்று பிரிப்பது கடினம். ரத்த மாதிரியை ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ரத்த வங்கியில் காத்து நிற்பதும், ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும்கூடப் பயிற்சிக் கணக்கில்தான் ஏறுகின்றன.

தூங்காமல் இருந்தால் என்ன ஆகிறது? நம் தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. ஒன்று, தூக்க அழுத்தம். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. அது சேரச் சேரக் கண் சொருகுகிறது. காப்பி, அடினோசின் போய் ஒட்டும் இடங்களை மறிக்கிறது. சேர்ந்ததை அது குறைப்பதில்லை. மற்றொன்று, உடல் கடிகாரம். இது நாம் எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்று பார்ப்பதில்லை. தன் போக்கில் ஏறி இறங்குகிறது. விடியலுக்கு முந்தைய மூன்றிலிருந்து ஐந்து மணி வரை அதன் பள்ளம். காலையில் அது மீண்டும் மேலே ஏறும்போது, இரவு முழுக்க விழித்தவருக்கும் ஒரு தெளிவு வந்ததுபோல் இருக்கும். தூக்க அழுத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று காலை ரவுண்ட்ஸில் ஒருவர் மனதாரச் சொல்வதற்கு இதுவே காரணம். அவர் பொய் சொல்லவில்லை. களைத்த மூளைக்குத் தன் களைப்பை அளக்கும் திறனும் குறைந்துவிடுகிறது.

இதற்கு ஓர் அளவும் உண்டு. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலரை விழித்திருக்கச் செய்து, கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறனைச் சோதித்தார்கள். வேறொரு நாள் அதே ஆட்களுக்கு மது கொடுத்து அதே சோதனையை நடத்தினார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் திறனுக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரத்தில் அது 0.10 சதவீதத்தை ஒட்டி வந்தது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 0.03 சதவீதம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நீண்ட பணி முடித்து வீடு திரும்பும் பயிற்சி மருத்துவர்கள் சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு, மற்ற நாட்களைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது.

படிப்புக்கும் இதில் இழப்புண்டு. பகலில் கண்டதும் கேட்டதும் நிலையான நினைவாகப் படிவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கிருக்கிறது. ஆகவே, அதிக நேரம் பார்த்தால் அதிகம் கற்கலாம் என்ற வாதம் ஓர் எல்லை வரைதான் செல்லும்.

அப்படியானால் நேரத்தைக் குறைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அதைச் செய்து பார்த்த நாட்டின் அனுபவம் அவ்வளவு நேரானதாக இல்லை. 1984இல் நியூயார்க்கின் ஒரு மருத்துவமனையில் லிபி சியோன் என்ற 18 வயதுப் பெண் இறந்தார். அவர் ஏற்கெனவே எடுத்துவந்த மனச்சோர்வு மருந்தோடு சேரக்கூடாத ஒரு வலி மருந்து அவருக்குத் தரப்பட்டிருந்தது. அன்றிரவு அவரைக் கவனித்தவர்கள் பயிற்சி மருத்துவர்கள். பத்திரிகையாளரான அவருடைய தந்தை தொடர்ந்து போராடினார். 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்று வரம்பு வைத்தது. 2003இல் 80 மணி வரம்பு நாடு முழுமைக்குமானது. 2011இல் முதலாண்டினருக்குத் தொடர்பணி 16 மணியாகக் குறைக்கப்பட்டது. 2017இல் அது மீண்டும் 24 மணிக்கே திரும்பியது. ஒப்படைப்புக்கு மட்டும் கூடுதலாக நான்கு மணி நேரம் வரை தரப்பட்டது.

ஏன் திரும்பினார்கள்? 2004இல் கிறிஸ்டோபர் லாண்ட்ரிகன் குழுவினர் பாஸ்டனின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய ஆய்வில், பழைய நீண்ட அட்டவணையில் பணியாற்றியவர்கள் 36 சதவீதம் கூடுதலாகக் கடுமையான தவறுகளைச் செய்திருந்தார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனால் பிறகு பல பயிற்சி மையங்களை ஒப்பிட்டு நடந்த பெரிய ஆய்வுகளில், தளர்வான நேர விதி இருந்த இடங்களில் நோயாளிகளின் நிலை மோசமாகவில்லை. அவற்றில் ஒன்று, விதி திரும்பிய பிறகு 2018-19இல் வெளியானது, சுவையான ஒரு முரணைக் காட்டியது: நீண்ட பணி இருந்த இடங்களில் பயிற்சித் தலைவர்களின் திருப்தி கூடியிருந்தது, பயில்பவர்களின் திருப்தி குறைந்திருந்தது. விதியை எழுதுபவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

2020இல் அதே லாண்ட்ரிகன் குழு, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. இம்முறை முடிவு தலைகீழ். நேரம் குறைக்கப்பட்ட அட்டவணையில் தவறுகள் கூடியிருந்தன. காரணத்தைத் தேடினார்கள். நேரத்தைக் குறைத்தபோது பல இடங்களில் ஆட்களைக் கூட்டவில்லை. அதனால் ஒருவர் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை, 7ஐ ஒட்டி இருந்தது, 9ஐ ஒட்டி உயர்ந்திருந்தது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டதும், தவறுகளின் அதிகரிப்பு ஏறத்தாழ மறைந்துவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றும் ஆய்வு இதுதான். மணி நேரமும் வேலைச் சுமையும் வேறு வேறு என்று அது காட்டுகிறது.

மற்றொரு கண்ணி ஒப்படைப்பு. பணி முடித்துப் போகிறவர் நோயாளியைப் பற்றிய செய்திகளை அடுத்து வருபவரிடம் முறையாகக் கைமாற்றுவதே ஒப்படைப்பு. பணிநேரம் குறுகக் குறுக ஒப்படைப்புகள் கூடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஏதாவது விடுபடலாம். இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்கும் சான்றிருக்கிறது. அமெரிக்க, கனடா மருத்துவமனைகள் ஒன்பதில் ஒரே மாதிரியான ஒப்படைப்பு முறை பாடமாகவே கற்றுத்தரப்பட்டது. நோயின் கடுமை, சுருக்கம், செய்ய வேண்டியவை, எது நேர்ந்தால் என்ன செய்வது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது என்று அதற்கு ஓர் ஒழுங்கு. 2014இல் வெளியான முடிவின்படி, மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. நம் வார்டுகளிலும் ஒப்படைப்பு நடக்கிறது. படிக்கட்டில் நின்று பேசுவதாக, வாட்ஸ்அப் செய்தியாக, கேஸ் ஷீட்டின் ஓரத்தில் ஒரு கிறுக்கலாக.

இந்தியாவில் விதி இல்லாமலில்லை. மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு ஆணை, இளநிலை ரெசிடெண்டுகள், அதாவது பி.ஜி.கள், சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரமும், ஒரு மூச்சில் 12 மணி நேரத்துக்கு மிகாமலும் பணியாற்ற வேண்டும் என்கிறது. கூடவே, தேவைக்கேற்ப நேரத்தை நெகிழ்த்திக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிமுறையில் எண்ணே இல்லை. 'நியாயமான' பணிநேரம், 'நியாயமான' ஓய்வு என்றுதான் இருக்கிறது. எது நியாயம் என்பதை அன்றைய வார்டு முடிவுசெய்கிறது. கேள்வி கேட்க வேண்டியவரோ தன் ஆய்வேட்டில் கையொப்பத்துக்குச் சீஃபை எதிர்பார்த்திருப்பவர்.

அதே ஆணையம் மாணவர்களின் மனநலத்துக்காக அமைத்த பணிக்குழு 2024இல் அறிக்கை தந்தது. இணையவழிக் கணக்கெடுப்பில் பதிலளித்த 25,590 இளநிலை (எம்.பி.பி.எஸ்.) மாணவர்களில் 27.8 சதவீதத்தினரும், 5,337 முதுநிலை மாணவர்களில் 15.3 சதவீதத்தினரும் தமக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகத் தெரிவித்தார்கள். விரும்பியவர்கள் மட்டுமே பதிலளித்த கணக்கு இது. அதை அப்படியே நாட்டுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிது என்பதைக் கவனிக்கலாம். கடைசிப் பயிற்சி ஆண்டைத் தவிர, இளநிலை மாணவர்களுக்கு இரவுப் பணி கிடையாது. ஆகவே தேர்வு, குடும்பத்தின் கடன், விடுதி வாழ்க்கை, உதவி கேட்டால் பலவீனன் என்று பெயர் வருமோ என்ற அச்சம் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதுநிலையினருக்கு அந்தக் குழு பரிந்துரைத்த உச்சவரம்பு வாரத்துக்கு 74 மணி நேரம்: ஒரு நாள் 24 மணி நேரப் பணி, ஐந்து நாட்கள் பத்து பத்து மணி நேரம், ஒரு நாள் விடுமுறை. இதை ஒரு வார்டில் வைத்துப் பார்க்கலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். எந்த நேரத்திலும் இருவர் இருக்க வேண்டுமானால் 336 மணி நேரம். ஒருவர் 74 மணி நேரம் தந்தால் ஐந்து பேர் வேண்டும். விடுப்பு, தேர்வு, மாவட்ட மருத்துவமனைகளில் மூன்று மாதக் கட்டாயப் பணி எல்லாவற்றுக்கும் இடம் விட்டால் ஆறு பேர். காலையும் மாலையும் ஒப்படைப்புக்கு அரை மணி ஒதுக்கினால் இன்னும் ஏழு மணி நேரம் கூடும். இந்தக் கணக்குக்கு ஆள் போதாத யூனிட்டில் 74 என்ற எண் தாளில்தான் இருக்கும்.

ஆளைக் கூட்டுவது உடனே நடக்கிற காரியமல்ல. முதுநிலை இடங்கள் பேராசிரியர்களின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டவை. அதற்கு முன்பே செய்யக்கூடியவை சில இருப்பதாகத் தோன்றுகிறது. பல கல்லூரிகளில் வருகைப் பதிவுக் கருவிகள் வந்துவிட்டன. ஒருவர் வந்தாரா என்று பார்க்கவே அவற்றைப் பயன்படுத்துகிறோம். எப்போது போனார் என்பதையும் அவற்றால் சொல்ல முடியும். இரவில் மாதிரிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வார்டுக்கு ஓர் உதவியாளரைக் கூடுதலாக நியமிக்க ஆணையத்தின் அனுமதி வேண்டியதில்லை, புதிய பேராசிரியரும் வேண்டியதில்லை.