இல்லமா, வீடா?



"பிள்ளையை எந்த இல்லத்தில் சேர்க்கலாம்?" என்று யாரேனும் என்னைக் கேட்காத மாதமில்லை. கேட்பவர் அநேகமாகக் கணவனை இழந்த தாய்தான்.

பெரிய விடுதியை விட்டால் வேறு வழியில்லை என்று எண்ணாதீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அநாதரவான பிள்ளைகளுக்காக 1949இல் ஒஸ்திரியாவின் இம்ஸ்ட் நகரில் ஹெர்மன் க்மைனர் எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமத்தைத் தொடங்கினார். ஒரு வீடு, அதற்கொரு தாய், சில பிள்ளைகள். கூடப் பிறந்தவர்களைப் பிரிப்பதில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே கூரையின் கீழ். நம்மிடையே அண்ணன் ஓர் ஊர் இல்லத்திலும் தங்கை வேறோர் ஊரிலுமாக வளர்வதை எண்ணிப் பாருங்கள். இலங்கையிலும் பிலியந்தலை முதலிய இடங்களில் இக்கிராமங்கள் அமைந்தன.

ஆயினும் வீடு என்ற பெயரே காவலாகாது. க்மைனரே சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்ததாக முறைப்பாடுகள் இருந்ததை 2025இல் ஒஸ்திரியாவிலுள்ள அவரது அமைப்பே வெளியிட்டது. ஆகவே எங்கே விட்டாலும் அடிக்கடி போங்கள். பிள்ளையோடு தனியே கதையுங்கள். அதற்கு இடந்தராத இல்லம் வேண்டவே வேண்டாம்.

வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்கிறது ஐ.நா.வின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி. எனவே கையொப்பமிட முன்னர், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அம்மம்மாவோ சித்தியோ பிள்ளையைப் பார்க்க முன்வந்தால் அதை முதலில் சொல்லுங்கள். தகுந்த உறவினரிடம் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு.