ஹான்ஸ் முட்டாள் என்று யார் சொன்னது?

போன வாரம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். மைக்கைப் பிடித்ததும் குதிரையில் ஆரம்பித்தார். "குதிரைக்கு வேகம் உண்டு, பலம் உண்டு, மூளை மட்டும் கிடையாது. அதனால்தான் கண்பட்டை கட்டி ஓட்டுகிறோம். நீங்களும் கண்பட்டை கட்டிக்கொண்டு இலக்கை மட்டும் பாருங்கள்" என்றார். அதற்குச் சான்றாக ஒரு கதையும் சொன்னார். ஜெர்மனியில் கணக்குப் போடும் குதிரை ஒன்று இருந்ததாம். ஊரையே ஏமாற்றியதாம். கடைசியில் ஒரு விஞ்ஞானி வந்து அதற்கு ஒன்றுமே தெரியாது என்று அம்பலப்படுத்தினாராம். பிள்ளைகள் சிரித்தார்கள், பெற்றோர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தக் கதையை இதே உருவில் எத்தனையோ பேர் வாயில் கேட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் குதிரைதான் குற்றவாளி, மனிதன்தான் துப்பறிவாளன். நடந்தது அப்படியே தலைகீழ்.

அந்தக் குதிரையின் பெயர் ஹான்ஸ். பெர்லினில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் வளர்த்தது. கரும்பலகை, மணிச்சட்டம் எல்லாம் வைத்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல் வருடக்கணக்காக அதற்குப் பாடம் எடுத்தார். கேள்வி கேட்டால் ஹான்ஸ் முன்னங்காலைத் தட்டி எண்ணிக்கை சொல்லும். கூட்டல், கழித்தல், பின்னம், நாள்காட்டித் தேதி எல்லாவற்றுக்கும் விடை வந்தது. மனிதர் ஒரு காசு வாங்கவில்லை. 1904 செப்டம்பரில் 13 பேர் கொண்ட குழு ஒன்று சோதித்தது. மனோதத்துவப் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ஃப் இருந்தார், சர்க்கஸ்காரர் இருந்தார், உயிரியல் பூங்கா அதிகாரி இருந்தார். பார்த்துவிட்டு, இதில் தந்திரம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதன்பிறகுதான் ஸ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் வந்தார். கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்க வைத்தார். ஹான்ஸ் தடுமாறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்தார். அப்போதும் தடுமாறியது. காரணத்தையும் கண்டுபிடித்தார். கேள்வி கேட்டு முடித்ததும் கேட்பவர் தன்னையறியாமல் குளம்பைப் பார்க்கக் கொஞ்சம் குனிகிறார். ஹான்ஸ் தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும் அவர் தலை மில்லிமீட்டர் கணக்கில் நிமிர்கிறது. ஹான்ஸ் நிறுத்திவிடுகிறது. தன் தலை அசைவது ஃபான் ஓஸ்டனுக்கே தெரியாது. அந்த 13 பேரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. ஃபுங்ஸ்ட் தானே அந்த அசைவை அடக்க முயன்றும் முழுதாக முடியவில்லை.

இப்போது சொல்லுங்கள், இதில் யார் முட்டாள்?

பேராசிரியர் கண்ணில் படாதது குதிரையின் கண்ணில் பட்டது. வருடக்கணக்காகக் கூடவே இருந்த எஜமானருக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரியாத ஒன்று அவருடைய குதிரைக்குத் தெரிந்திருந்தது. முன்பின் தெரியாத ஆள் வந்து கேட்டாலும் அவர் உடம்பிலிருந்தும் விடையைப் படித்தது. இதைச் செய்யச் சொல்லி யாரும் அதற்குக் கற்றுத்தரவில்லை. கற்றுத்தந்தது கணக்கு. அது தானாகக் கற்றுக்கொண்டது மனிதனை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாம் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஏமாற்று!

ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது என்பது உண்மைதான். குதிரைக்கு எதற்குக் கணக்கு? புல்வெளியில் பின்னம் கூட்டவேண்டிய தேவை எந்தக் குதிரைக்கு வந்தது? மந்தையில் வாழும் பிராணி அது. பக்கத்துக் குதிரையின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது, கழுத்து எப்போது விறைக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பல லட்சம் ஆண்டுகளாகப் பிழைத்து வந்திருக்கிறது. நமக்குத் தெரிந்ததை வைத்து அதற்குத் தேர்வு வைத்து, அதற்குத் தெரிந்ததை வைத்து நமக்கு யாரும் தேர்வு வைக்காததால்தான் நாம் பாஸ், அது ஃபெயில்.

நம் வகுப்பறைகளிலும் இதே அநியாயம் நடக்கிறது. எந்தச் செடியில் எந்தப் பூச்சி விழும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, வாய்ப்பாட்டில் பதினாறாம் வரியில் திக்கினால் மக்கு. வாத்தியாரின் புருவத்தைப் பார்த்து விடையை மாற்றிச் சொல்லும் பிள்ளை கெட்டிக்காரன். பிள்ளை செய்தால் மெச்சுகிறோம், ஹான்ஸ் செய்தால் மோசடி என்கிறோம். ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு குதிரைக்கும் பிள்ளைக்கும் மதிப்பெண் போடும் இந்தப் புத்தி என்றைக்குத்தான் நம்மைவிட்டுப் போகும்?

ஹான்ஸ் ஒரு விதிவிலக்கு என்று நினைப்பவர்கள் நார்வேயைப் பார்க்கட்டும். 2016இல் வெளிவந்த ஆய்வு அது. 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். கிடைக்கோடு போட்ட பலகைக்குப் 'போர்வை போடு' என்று பொருள். செங்குத்துக்கோடு என்றால் 'போர்வையை எடு'. வெற்றுப் பலகை என்றால் 'இப்படியே இருக்கட்டும்'. இரண்டு வாரத்துக்குள் அத்தனை குதிரைகளும் கற்றுக்கொண்டன. கற்றதோடு நிற்கவில்லை, குளிரும் மழையுமான நாளில் போர்வை கேட்டன, வெயிலில் எடுக்கச் சொல்லின. அதுவரை குதிரைக்குக் குளிருமா குளிராதா என்று முடிவுசெய்தது மனிதன். ஒரு முறையாவது அதையே கேட்டுப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2018இல் குதிரைகளுக்குப் புகைப்படம் காட்டினார்கள். சில குதிரைகளுக்கு ஒருவரின் கோபமுகம், சிலவற்றுக்கு அதே ஆளின் சிரித்த முகம். சில மணி நேரம் கழித்து அந்த ஆளே எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தோடு வந்து நின்றார். கோபப் படத்தைப் பார்த்த குதிரைகள் அவரை இடக்கண்ணால் கூடுதலாகக் கவனித்தன. ஆபத்து என்று நினைப்பதைக் குதிரை பெரும்பாலும் இடக்கண்ணால்தான் பார்க்கும். எந்தக் குதிரைக்கு எந்தப் படம் காட்டினார்கள் என்று வந்து நின்றவருக்கே தெரியாது. ஏன் தெரியாமல் வைத்தார்கள்? தெரிந்தால் அவர் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும், குதிரை படித்துவிடும் என்ற பயம். சோதனை செய்கிறவருக்கே விடை தெரியாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அறிவியலுக்குப் புத்தி சொன்னதில் பெர்லின் முற்றத்தில் நின்ற அந்தக் குதிரைக்குப் பெரிய பங்குண்டு. அதைத்தான் நம் பேச்சாளர் மூளையில்லாதது என்கிறார்.

நாட்டிங்ஹாம் ட்ரெண்ட் பல்கலைக்கழகத்தில் 2024இல் 20 குதிரைகளோடு ஒரு விளையாட்டு விளையாடினார்கள். அட்டையை மூக்கால் தொட்டால் தீனி. பிறகு விதியை மாற்றினார்கள். விளக்கு எரியும்போது தொட்டால் தீனி இல்லை. குதிரைகள் கண்டுகொள்ளாமல் தொட்டுக்கொண்டே இருந்தன. புரியவில்லை போலிருக்கிறது என்றுதான் எவரும் முடிவுகட்டுவார்கள். அடுத்து, விளக்கு எரியும்போது தொட்டால் பத்து விநாடி ஆட்டம் நிறுத்தப்படும் என்று வைத்தார்கள். அந்தக் கணமே தவறுகள் சடாரெனக் குறைந்தன. விதி அவற்றுக்கு முன்பே புரிந்திருக்கிறது. தவறாகத் தொட்டால் நட்டம் ஒன்றும் இல்லாதவரை, எதற்கு மெனக்கெட வேண்டும் என்று இருந்திருக்கின்றன. ஆய்வாளர்கள் வந்த முடிவும் இதுதான்.

இத்தனைக்குப் பிறகும் 'குதிரை பயந்தாங்கொள்ளி, பிளாஸ்டிக் பை பறந்தாலும் மிரளும், அறிவிருந்தால் மிரளுமா' என்று கேட்பார்கள். தன்னைத் தின்ன வருவதைப் பார்த்து ஓடிப் பிழைத்த இனம் அது. தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்டச் சுற்றுவட்டம் முழுவதும் பார்க்கும். தெரியாதது நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னே கொஞ்சம். நாம் என்ன செய்கிறோம்? சரியாக அந்த நெற்றிக்கு நேராகக் கையை நீட்டுகிறோம், சரியாக அந்த வாலுக்குப் பின்னால் போய் நிற்கிறோம். உதைத்தால் 'கெட்ட குதிரை'.

அதன் கண்ணைப் பற்றி நமக்குத் தெரிந்த லட்சணத்துக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயங்களில் தடைகளுக்குப் பல காலமாக ஆரஞ்சு வண்ணம் அடித்துவந்தார்கள். பளிச்சென்று தெரியுமாம். யாருக்கு? மனிதனுக்கு. குதிரைக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதற்கு அந்த ஆரஞ்சு, புல்லோடு கலந்து மங்கிப்போகும். எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் எடுத்துச் சொன்ன பிறகு, 2022 வாக்கில்தான் வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினார்கள். தாண்டவேண்டியது குதிரை, வண்ணம் மனிதக் கண்ணுக்கு! இடறி விழுந்த குதிரைகளைத் துப்பில்லாதவை என்று திட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

நம் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. பாண்டிய மன்னர்கள் அரபுக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வாங்கினார்கள். வளர்க்கத் தெரியாமல் சோறும் கறியும் சமைத்துப் போட்டார்கள், வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்தன என்று 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். புல் தின்னும் பிராணிக்குக் கறிச்சோறு! செத்ததும் மறுபடி கப்பலுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். ஐயனார் கோயிலில் மண்ணில் குதிரை செய்து வரிசையாக நிறுத்திக் கும்பிடத் தெரிந்த மண்ணில், உயிருள்ள குதிரைக்கு மரியாதை இல்லை.

இன்றைக்கு மட்டும் என்ன வாழ்கிறது? கல்யாண ஊர்வலத்துச் சாரட்டில் பூட்டிய குதிரையைப் பாருங்கள். காதருகே செண்டை மேளம், காலடியில் ஆயிரம் வாலா, கண்ணுக்கு நேரே லைட். மாப்பிள்ளை வீட்டார் ஆடுகிறார்கள். குதிரையின் இரண்டு காதும் பிடரியோடு ஒட்டிக் கிடக்கின்றன, கண்ணின் வெள்ளை தெரிகிறது, வாய் இரும்பை மென்றுகொண்டே இருக்கிறது. அது அலறுகிறது. நமக்குக் கேட்கவில்லை. மெரினாவில் உச்சி வெயிலில் நிற்கும் குதிரையின் விலாவைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஓர் ஈ வந்து உட்காரும். உட்கார்ந்த அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து உதறும். ஈயின் எடையை உணரும் அந்தத் தோல்மீது ஏறி உட்கார்ந்து, குதிகாலால் இடிக்கிறார்கள். உணர்ச்சியில்லாத மரக்கட்டை என்று பேச்சு வேறு. தலை தாழ்ந்து, கண் எங்கோ வெறித்து, கூப்பிட்டாலும் காது அசையாமல் நிற்கும் குதிரையை 'ரொம்பச் சாது' என்று சொல்லிக் குழந்தையை ஏற்றுகிறோம். அந்த நிற்பு மனச்சோர்வை ஒத்தது என்று பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இலேயே எழுதினார்கள். குதிரைக்காரர் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக நான் தயாரில்லை. அவர் பிழைப்பு அதில் இருக்கிறது. காசு கொடுத்து ஏறுகிறவர்கள் நாம்.

பந்தயத்திலும் இதே கதை. குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமைக்கான போட்டி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. குதிரையின் திறனும் அதன் பயிற்சியும் அந்தத் திறமைக் கணக்கில் சேர்ந்தவை. திறமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட பிராணியை, சாட்டையடிக்கு மட்டும் அறிவற்றது என்று நாம் வைத்துக்கொள்கிறோம். கண்பட்டை கட்டுவது அதற்கு மூளை இல்லாததால் என்று பேச்சாளர் சொன்னார். அது எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது என்பதால்தான் கட்டுகிறார்கள். பார்க்காத கண்ணை எவன் மறைப்பான்? அந்தப் பட்டையைப் பிள்ளைகளுக்குக் கட்டிவிடச் சொல்வதை அறிவுரை என்று ஏற்றுக்கொள்ளும் பெற்றோரை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஹான்ஸுக்கு இழைத்த அநியாயம் இன்னும் ஓயவில்லை. 2019இல், அதே பெர்லினில், கணினி ஆய்வாளர்கள் ஒரு நிரலைச் சோதித்தார்கள். குதிரைப் படத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கும் நிரல். உள்ளே பார்த்தால் அது குதிரையைப் பார்க்கவே இல்லை. பல குதிரைப் படங்களின் மூலையில் இருந்த படக்காரரின் பெயர் முத்திரையைப் பார்த்து 'குதிரை' என்று சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட நிரல்களுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கெட்டிக்கார ஹான்ஸ்'. மூலையில் கிடக்கும் எழுத்தைப் பார்க்கும் இயந்திரத்துக்கு, எதிரே நின்ற மனிதனின் மூச்சுவரை பார்த்த குதிரையின் பெயர். இதைவிட ஒரு அவமானம் வேண்டாம்.

ஃபான் ஓஸ்டன் 1909இல் இறந்துபோனார். ஹான்ஸ் கைமாறியது. பிறகு உலகப் போர் வந்தது, படைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. மனிதனை அவ்வளவு உன்னிப்பாகப் படித்த ஒரு பிராணிக்கு மனிதன் கொடுத்த கடைசி வேலை அது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, இந்தக் கதையை இனிப் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஒழுங்காகச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குச் சாரட்டு பேசும்போது வெடியும் மேளமும் குதிரைக்குப் பக்கத்தில் கூடாது என்று சேர்த்துப் பேசுங்கள், முடியாதென்றால் சாரட்டே வேண்டாம். கடற்கரையில் குழந்தையை ஏற்றுவதற்கு முன்னால் குதிரையின் காதைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள். பின்னால் மடங்கிய காதும் வெறித்த கண்ணும் கண்டால் ஏற்றாதீர்கள். அது நம்மை இத்தனை காலமாகப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. பதிலுக்கு அதைப் பார்க்கக் கற்றுக்கொள்வது நம் கடமை.