பொருநைக்கரை இசைக்கு இரவற்பெயர் எதற்கு?

சுடலைமாடன் கொடைவிழாவில் கணியான் கூத்தின் மகுடம் அதிர்வதைக் கைப்பேசியிலேயே பதிந்து, கணினியில் செப்பஞ்செய்து வெளியிடும் நெல்லை இளைஞர் இன்று பலர். பாராட்டத்தக்க பணி. ஆனால், அவர்தம் நாவிற் புரளும் சொற்களைக் கேளுங்கள்: டிராக்கு, ஈக்யூ, கிளிப்பிங்கு, மிடி! பொத்தான் இருக்குமிடம் அறிந்தோர், அது செய்வது யாதென அறியாமலே திருகுகின்றனர்.

ஈக்யூ என்பது யாது? ஒலியின் தாழ்நிலை, இடைநிலை, உயர்நிலைகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவும் அமைப்பு. குரலின் இம்மூன்று நிலைகளுக்கும் மெலிவு, சமன், வலிவு எனப் பழந்தமிழிசை பெயரிட்டு வைத்துள்ளது. அப்பெயர்கள் இங்கும் அப்படியே பொருந்தும். கணியான் கூத்தில் மகுடம் இரண்டு. ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். அவற்றை முழக்கும் கலைஞரிடம் "மெலிவைச் சற்றுக் குறைக்கலாமா, ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள், மறுநொடியே விளங்கிக்கொள்வார்.

குரலுக்கொன்று, மகுடத்துக்கொன்று எனத் தனித்தனியே பதிவது தடம். தடங்களை அளவறிந்து இணைப்பது கலவை. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் சானகியின் குரலும், பொருநைப் படுகையின் காருகுறிச்சி அருணாசலனாரின் நாகசுரமும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒலிப்பதைக் கேட்டோர்க்குக் கலவை என்னும் சொல்லுக்கு உரை வேண்டா.

கிளிப்பிங்கு என்பதோ பதிவையே கெடுக்கும் நோய். கருவி தாங்கும் வரம்பை ஒலி மீறுங்கால், அலையின் முகடு அறுபட்டுத் தட்டையாகிறது. மகுடத்தின் அதிர்வு கரகரப்பாகிறது. பின்னர் எத்துணைச் செப்பஞ்செய்தாலும் பழைய ஒலி முழுமையாய் மீளாது. முகடறுதல் என்று சொல்லிக் கொடுத்திருந்தால், பதியுமுன்பே அளவைக் குறைத்திருப்பான் அவ்விளைஞன். முதுகலைஞர் ஒருவரின் இரவு முழுதும் நிகழ்ந்த கூத்து இவ்வாறு பாழாயின், அதனை யார் மீட்டுத் தருவது?

மிடி, 1983-இல் பன்னாட்டு இசைக்கருவி செய்வோர் பொதுவாக ஏற்ற முறை. அது ஒலியன்று, எந்தச் சுரத்தை, எப்பொழுது, எவ்வளவு அழுத்தமாக ஒலிப்பது எனக் கருவிக்கு இடும் கட்டளை. இசைக்கட்டளை எனலாமே! தமிழில் மிடி என்றால் வறுமை. பொருத்தமான பெயர்தான் போலும்.

நம்மவரிடத்தும் குறையுண்டு. ஒரு கருவிக்கு மூவர் மூன்று பெயர் புனைந்து தத்தம் பட்டியலில் அடைத்து வைப்பதால் பயனென்ன? சாம்பவர்வடகரையில் 1859-இற் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் அவ்வாறு செய்தாரல்லர். 1917-இல் அவர் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' பெயரளவில் வடமொழியாயினும், பன்னிரு சுரநிலைகளைப் பழந்தமிழிசை கொண்டே விளக்கியது. இன்றைய மென்பொருளின் பன்னிரு கட்டங்கள் அவர்க்குப் புதுமையாகத் தோன்றியிரா.

தடம், கலவை, மெலிவு, சமன், வலிவு, முகடறுதல், இசைக்கட்டளை ஆகிய ஏழையும் ஒரு தாளில் அச்சிட்டு, வில்லிசைக் குழுக்களிடமும் கணியான் குழுக்களிடமும் முதலிற் கொடுப்போம். ஓராண்டு கழித்து அவர்கள் நாவில் நிற்பன எவையோ, அவற்றையே நெல்லை இசைப்பள்ளியின் பாடத்தில் ஏற்றுக. நில்லாதவற்றைத் தயங்காது தள்ளுக.